ஒரு போல்ட்டுக்குள் இவ்வளவு வரலாறா?



தாத்தா காலத்து அம்பாசிடரை மறுபடி ஓட வைக்க உங்களில் சிலர் பாடுபடுகிறீர்கள். "பெரிய பாகமெல்லாம் கிடைச்சிடுது சார், ஒரு போல்ட்தான் சேரமாட்டேங்குது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஏன் சேரவில்லை என்பதற்குப் பின்னால் நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, ஒரு பொது அளவு சொன்னார். மரையின் கோணம் 55 டிகிரி. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு முறை சொன்னார். அதில் 60 டிகிரி. ஐரோப்பாவோ மில்லிமீட்டர் வழியில் போனது.

இதன் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தயாரித்தபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்தபின், 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. அதுதான் 'யூனிஃபைடு'. பருமரை யு.என்.சி., நுண்மரை யு.என்.எஃப்.

நம் அம்பாசிடரின் தாய்வீடான மோரிஸ் கதை இன்னும் வேடிக்கை. 1923-ல் மோரிஸ், கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கினார். இயந்திரங்கள் மில்லிமீட்டர் மரை வெட்டின. மெக்கானிக் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். அதனால் உடல் மெட்ரிக், தலை விட்வொர்த் என்று போல்ட் செய்தார்கள்! எம்.ஜி. டி.சி. கார் எஞ்சினிலும் அது தொடர்ந்தது.

அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு 1948-க்குப் பிந்தைய வடிவமைப்பு. ஆகவே அதில் பெரும்பாலும் யூனிஃபைடு மரை. 1990களில் இசுசு எஞ்சின் வந்ததும் மெட்ரிக் சேர்ந்துகொண்டது. உங்கள் வண்டியில் எந்த எஞ்சின் என்பதை முதலில் பாருங்கள்.

ஆபத்து எங்கே? 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மரை வேறு. 3/8 அங்குலத்தில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் அங்குலத்துக்கு 16 மரைதான். ஆனால் கோணம் வேறு. ஒன்றுக்குள் ஒன்று போய்விடும், முழுப் பிடிப்பு இருக்காது. பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் அப்படிப் போட்டால் உயிருக்கே உலை.

எனவே பொறுமையாக இதைச் செய்யுங்கள்:

1. பழைய போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். வெர்னியரில் தடிமனையும், பிட்ச் கேஜில் மரையையும் அளந்து எழுதுங்கள்.

2. தலையைப் பாருங்கள். ஒன்றையொன்று தொடும் மூன்று வட்டங்கள் இருந்தால் பிரிட்டிஷ் யூனிஃபைடு. 8.8, 10.9 என்ற எண்கள் மெட்ரிக்கில் வலிமையைக் குறிப்பவை. பழையதைவிட வலிமை குறைந்ததை வாங்காதீர்கள்.

3. ஸ்பேனரை மட்டும் நம்பாதீர்கள். ஏ.எஃப். ஸ்பேனரில் இருப்பது தலையின் அளவு. விட்வொர்த் ஸ்பேனரில் இருப்பது போல்ட் தண்டின் அளவு.

4. புதுப்பேட்டைக்குப் போனால் பழைய போல்ட்டையும் நட்டையும் கையோடு கொண்டு போங்கள். சுத்தமான நட் விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் அது வேறு குடும்பம். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்; அந்த எஞ்சின் பிளாக்கை எங்கே தேடுவீர்கள்?

கழற்றியதை எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி டப்பாவில் வையுங்கள். தேய்ந்ததையும் வீசாதீர்கள், அடுத்ததைத் தேட அதுதான் மாதிரி.

புத்தி பிசகினால் 'மரை கழன்றுவிட்டது' என்கிறோம். மூன்று நாடுகள் ஒரே மரைக்கு வர ஒரு உலகப் போர் தேவைப்பட்டது. நமக்கு ஐந்து நிமிடம் அளந்து பார்க்கும் பொறுமை போதும்.

உங்கள் போல்ட்டின் அளவை எழுதி, படத்தோடு கீழே போடுங்கள். சேர்ந்து கண்டுபிடிப்போம்.