கற்பிட்டியார் அமர்ந்த சபையும் பிலடெல்பியா யாப்பும்

கற்பிட்டி என்றதும் பலருக்கு நினைவு வருவன கடலும், களப்பும், ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டையுமே. அவ்வூரில் 1807 ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டியை நினைப்போர் குறைவு. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் பற்றிய செய்திகளைத் திரட்டி 1834 இல் நூலாக வெளியிட்டவர் அவர். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேற்றியவரும் அவரே. அவருடைய புலமை தனிப் பேச்சுக்குரியது. இன்று நாம் கருதப்போவது அவர் 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் வகித்த ஆசனத்தைப் பற்றி. அந்த ஆசனத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் யாப்பை வைத்துப் பார்த்தால், அரசாங்கம் என்பது எதன்மீது நிற்கிறது என்பது நன்கு விளங்கும்.

கோல்புறூக், கமறன் என்னும் ஆணையாளர்களின் விதப்புரைப்படி 1833 இல் அமைக்கப்பட்டது அச்சபை. அதன் ஆசனங்கள் பதினைந்து. ஒன்பது அரசாங்க உத்தியோகத்தருக்கு உரியன. எஞ்சிய ஆறில் மூன்று ஐரோப்பியருக்கு. சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று. காசிச்செட்டியார் அமர்ந்தது அந்தத் தமிழர் ஆசனத்தில். அவரை அங்கே அனுப்பியவர் யார்? கற்பிட்டி மீனவரல்லர், புத்தளத்து உப்பு வாணிகரல்லர், யாழ்ப்பாணத்துக் கமக்காரருமல்லர். தேசாதிபதி நியமித்தார், அவர் சென்று அமர்ந்தார். ஆறு பேரும் ஒருமித்து எதிர்த்து வாக்களித்தாலும் ஒன்பதின் முன் அது தோல்வியே. பேசலாம்; தடுக்க இயலாது.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1787 இல், பிலடெல்பியா நகரில் கூடியோர் வேறொரு கணக்குப் போட்டிருந்தனர். அவர்கள் வரைந்த யாப்பின் முகவுரை மக்களின் பெயராலேயே தொடங்குகிறது. ஆட்சியுரிமை மன்னரிடமிருந்து இறங்கி வருவதன்று, ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்து எழுவது என்பது 1776 இன் சுதந்திரப் பிரகடனத்திலேயே கூறப்பட்ட கொள்கை. ஆனால் மக்கள் தந்த அதிகாரமாயினும் ஒரே கையில் குவிந்தால் அது கொடுங்கோலாகும் என அஞ்சினார் ஜேம்ஸ் மேடிசன். ஆதலால் சட்டம் இயற்றுதல் காங்கிரசுக்கு, நிறைவேற்றுதல் சனாதிபதிக்கு, தீர்ப்பளித்தல் நீதிமன்றத்துக்கு எனப் பிரித்தனர். இதனையே நாம் வலுவேறாக்கம் என்கிறோம். பிரித்ததோடு விடவில்லை. காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவைச் சனாதிபதி மறுக்கலாம். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அம்மறுப்பை வெல்லலாம். வரி மசோதா பிரதிநிதிகள் சபையிலேயே தோன்றவேண்டும். நீதிபதியைச் சனாதிபதி தெரிவு செய்தாலும் செனற் சபை இசைய வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் நிருவாக உத்தியோகம் ஏற்றால் ஆசனத்தைத் துறக்க வேண்டும். நம் காசிச்செட்டியாரும் 1845 இல் சிவில் சேவையில் சேர்ந்தபோது ஆசனத்தை விட்டு விலகினார் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. பின்னர் அவர் சிலாபத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். ஆயினும் சபை, சேவை, நீதியாசனம் ஆகிய மூன்று வாயில்களின் திறவுகோலும் குடியேற்ற ஆட்சியின் இடுப்பிலேயே தொங்கியது.

இவ்வளவில் அமெரிக்க யாப்பைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது நேர்மையன்று. காசிச்செட்டியார் உறுப்பினராயிருந்த காலத்தில், 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. குடிகளின் வாக்கு ஒன்றேனும் பெறாத சபை செய்த செயல் அது. அதே ஆண்டில், மக்களின் பெயரால் எழுந்த அமெரிக்கக் குடியரசில், மனிதர் சந்தையில் விலைபோயினர். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிப் பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிடும் விதி அந்த யாப்பிலேயே இருந்தது. உள்நாட்டுப் போரில் இரத்தம் சிந்திய பின், 1865 இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. பெண்களின் வாக்குரிமைக்கோ 1920 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மக்கள் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே அந்நாட்டு வரலாற்றின் பெரும் பகுதி எனலாம்.

நம் நாட்டு உறுப்பினர் அந்த ஒன்பதுக்கு ஆறு என்னும் கணக்கை வாளா பொறுத்திருக்கவில்லை. 1864 இல் படைச் செலவு பற்றிய தகராற்றில் ஜோர்ஜ் உவோல், சார்ள்ஸ் லொறென்ஸ் முதலியோர் தம் ஆசனங்களைத் துறந்தனர். பணப்பையைத் திறக்கவும் மூடவும் உரிமையில்லாத சபை எதற்கு என்பதே அவர்தம் வினா. 1911 இல் கற்ற இலங்கையருக்கென ஓர் ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டது. சுமார் 3,000 வாக்காளர் கொண்ட அத்தொகுதியில் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். 1931 இல் டொனமூர் யாப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை வழங்கியது. மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளர் பலர் அதன் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாக்கு வந்துவிட்டது. தடுக்கும் அதிகாரம்? அமெரிக்காவில் 1803 இல் பிரதம நீதியரசர் மார்ஷல், யாப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்து, நீதிமன்றத்தின் கையில் ஒரு கடிவாளத்தைக் கொடுத்தார். நமது சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்தார்க்கோ மதத்தார்க்கோ மட்டும் பாதகம் விளைக்கும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. 1962 ஆம் ஆண்டுச் சதி முயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்டோரைத் தண்டிப்பதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று பிறந்தபோது, கோமறைக் கழகம் 1965 இல் அதனைச் செல்லாதென ஒதுக்கியது. நீதித்துறைக்குரியதைச் சட்டசபை கவர்ந்துகொண்டது என்பது காரணம். யாப்பில் எங்கும் வலுவேறாக்கம் என்ற சொல் இல்லை. அதன் அமைப்பிலேயே அது பொதிந்திருக்கிறது என்று நீதிபதிகள் கண்டனர்.

1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பில் 29 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. 1978 ஆம் ஆண்டின் யாப்பு நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதியைத் தந்தது. அமெரிக்கச் சனாதிபதியைப் போன்றவர் என்று அவரைக் குறிப்பிடுவோர் உளர். அவ்வொப்புமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அமெரிக்கச் சனாதிபதிக்குக் காங்கிரசைக் கலைக்கும் அதிகாரம் அறவே இல்லை. அங்கே நடைமுறையிலுள்ள சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாததாக்கலாம். இங்கே மசோதாவாக இருக்கும்போதுதான் வழக்காடலாம், சான்றுரை பெற்றுச் சட்டமாகிவிட்டால் அதை வினவ இடமில்லை.

எனினும் 2018 ஆம் ஆண்டு நவம்பரில் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13 ஆம் நாள் ஒருமனதாகக் கூறினர்: நாலரை ஆண்டு நிறைவதற்கு முன், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் வேண்டுகோளுமின்றி, அவ்வாறு கலைக்கச் சனாதிபதிக்கு உரிமையில்லை. வழக்குத் தொடுத்தோருள் கட்சித் தலைவர்களும் இருந்தனர். தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினர் ஒருவரும் இருந்தார். கலைக்கப்பட்ட சபை மீண்டும் கூடியது.