ஸ்பிரே படகும் அதன் பயண ஆயத்தமும் (1892–1897)

பாய்மரப் படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் என்று ஜோஷுவா சுலோக்கம் கடல் வரலாற்றில் போற்றப்படுகிறார். 1895-இல் புறப்பட்டு 1898-இல் அமெரிக்கா திரும்பிய அப்பயணத்தின் தொலைவு ஏறத்தாழ 46,000 மைல் என்பர். அவரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் புயலையும் தனிமையையுமே விரித்துரைப்பர். பயணத்திற்கு முந்தைய ஆயத்தம் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. அவ்வாயத்தத்தைச் சற்று ஊன்றி நோக்கினால் ‘தன்னந்தனியே’ என்னும் சொல்லின் பொருளையே மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-இல் பிறந்த சுலோக்கம், பெரும் பாய்மரக் கப்பல்களின் தலைவராக விளங்கியவர். நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருக அத்தொழில் நலிந்தது. 1887-இல் அவருடைய சொந்தக் கப்பலான அக்குவிட்னெக் பிரேசில் கரையில் தரைதட்டி அழிந்தது. அங்கேயே குடும்பத்தாருடன் சேர்ந்து 35 அடிப் படகொன்றைக் கட்டி, அதில் அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஆகவே, 1892-இல் அவர் மற்றொரு படகைக் கட்டத் துணிந்தது திடீர் ஆசையால் அன்று. வேலையற்றுப்போன மாலுமி ஒருவர் தாம் அறிந்த ஒரே வாழ்க்கைக்குத் திரும்பிய முயற்சி அது.

ஓய்வுபெற்ற திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் ஈபன் பியர்ஸ் என்பார், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபேர்ஹேவனுக்கு வந்தால் கப்பல் ஒன்று தருவதாகவும், அதற்குச் சிறிது செப்பனிடும் வேலை உண்டு என்றும் கூறியிருந்தார். சென்று பார்த்தபோது, கடலிலிருந்து தொலைவில் வயலொன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்ட உளுத்துப்போன பழம்படகே இருந்தது. சுலோக்கம் அதை உடைத்துப்போட வந்திருக்கிறார் என்றே ஊரார் எண்ணினர்.

அருகிலிருந்த ஓக் மரங்களை வெட்டி ஏராவும் விலா மரங்களும் செய்தார். மரங்களை நீராவியில் வேகவைத்து இளக்கி, வளைத்துப் பொருத்தினார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஜார்ஜியா பைன் பலகைகளால் உடலை மூடினார். பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்துக் கலப்பற்று அடித்தார். (ஏரா, கலப்பற்று ஆகியன தமிழ்க் கடலோர மக்களின் தொழிற்சொற்கள், நம் பாடநூல்கள் இவற்றை ஏன் மறந்தன என்பது தனியே ஆராயத்தக்கது.) பழைய பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியன பொருத்தியதால், பழைய ஸ்பிரே எப்போது மறைந்தது, புதியது எப்போது தோன்றியது என்பதை அவராலேயே கூற இயலவில்லை.

இப்பணிக்கு 13 மாத உழைப்பும் பொருள்களுக்கு 553.62 டாலரும் ஆயின. முடிந்த படகு 36 அடி 9 அங்குல நீளமும் 14 அடி 2 அங்குல அகலமும் கொண்டிருந்தது. இடையிடையே துறைமுகத்துத் திமிங்கிலக் கப்பல்களைப் பயணத்திற்கு ஆயத்தப்படுத்தும் கூலிவேலையும் அவருக்குக் கிடைத்தது. அதனால் பணி மேலும் நீண்டது. ‘இதனால் வருவாய் உண்டா?’ என்பதே பார்க்க வந்தோரின் கேள்வி. அவ்வட்டாரத்தின் பொருளியல் நிலையை இக்கேள்வியே போதுமான அளவு உணர்த்துகிறது.

1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஸ்பிரே குளோஸ்டரில் தங்கியது. உலர்ந்த காட் மீன், அலையை அடக்கக் கடலில் ஊற்றும் எண்ணெய், விளக்கு, படகின் அடிப்பாகத்திற்குப் பூசும் செப்புச் சாயம் ஆகியன அங்குள்ளோர் அளித்தவை. மரந்துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பது அச்சாயமே; வெப்பக் கடல்களில் அஃதில்லாத மரப்படகு நெடுநாள் நிலைக்காது. துணைப்படகு முழுதாக வைக்க இடமில்லாமையால் டோரி என்னும் மீன்பிடிப் படகொன்றைக் குறுக்கே இரண்டாக அறுத்து, ஒரு பாதியின் வெட்டுவாயைப் பலகையால் அடைத்துக்கொண்டார். அதுவே அவருக்குக் குளியல் தொட்டியும் துணி துவைக்கும் தொட்டியும் ஆயிற்று.

கடற்காலமானியைப் பழுதுபார்க்க 15 டாலர் ஆகும் என்பதால் அதை விட்டுவிட்டு, யார்மத்தில் முகப்பு உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கினார். இதை நகைச்சுவையாக மட்டும் கொள்வது தவறு. நிலவின் தொலைவை அளந்து நெட்டாங்கு காணும் பழைய கணக்கை அவர் நன்கறிந்திருந்தார். பசிபிக்கில் அக்கணக்கிற்குரிய அட்டவணையிலேயே பிழை கண்டவர் அவர்.

1897 ஜூலையில் ஸ்பிரே நம் வட்டாரத்திற்கு அண்மையில் வந்தது. அப்போது நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பொறுப்பிலிருந்த கீலிங் தீவுகளில், படகின் சிமெண்டு அடிப்பாரத்தை அகற்றிப் பெருஞ்சிப்பிகளை ஏற்றினார். அங்கே பவளப்பாறை ஒன்றில் மோதியபோது பிளந்தது பாறையே என்றும், ஃபேர்ஹேவன் மேய்ச்சல் நிலத்து ஓக் மரத்தாலான முன்கட்டையில் கீறலும் விழவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார்.

1909-இல் அதே படகில் மீண்டும் தெற்கு நோக்கிப் புறப்பட்ட சுலோக்கம் திரும்பவில்லை. இறுதி ஆண்டுகளில் ஸ்பிரே முன்போல் பேணப்படவில்லை என்று அதனைக் கண்டோர் கூறியுள்ளனர்.