எலும்பு மஜ்ஜைக்குள் ஓர் அளவுகோல்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் தெருக்களில் மலாயரும் சீனரும் தமிழரும் சயாமியரும் தலைமுறை தலைமுறையாக அருகருகே வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் மொழியைப் போலவே குருதியும் ஒரு வரலாற்றைத் தாங்கியிருக்கிறது.

குருதியின் செந்நிறப் பொருள் ஈமோகுளோபின். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உருவாகும்போது ஆல்பா, பீட்டா என்னும் இருவகைப் புரதச் சங்கிலிகள் ஏறக்குறையச் சம அளவில் பின்னப்பட்டு, இரண்டுக்கு இரண்டாக இணைகின்றன.

1952இல் லேமன் என்பாரும் கட்புஷ் அம்மையாரும் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணுத் தன்மையைக் கண்டு அறிவித்தனர். அதே லேமன், 1956இல் சிங் என்பாருடன் சேர்ந்து, மலாயாவில் 'ஈமோகுளோபின் இ' இருப்பதை வெளியிட்டார். இது மலாயரிடையேயும் சயாமியரிடையேயும் மிகுதி. இத்தகைய மாறுதல்கள் பெருகியது மலேரியா மிகுந்த நிலங்களிலேயாம். ஆகவே இது காய்ச்சலின் வரலாறேயன்றி, இன உயர்வு தாழ்வின் வரலாறு அன்று.

சிங்கப்பூரில் இராணுவ மருத்துவராயிருந்த டேவிட் வெதரால், கூர்க்காக் குடும்பமொன்றில் கண்ட தலசீமியா நோய் பற்றி வெல்லா என்பாருடன் 1960இல் எழுதினார். பின்னர் 1965இல் கிளெக், நாட்டன் ஆகியோருடன் அதன் உட்காரணத்தை அளந்தார். எங்ஙனம்? லூசின் என்னும் அமினோ அமிலத்தில் கதிரியக்கத்தை ஏற்றி, இளஞ்சிவப்பணுக்களுக்கு ஊட்டினர். புதிதாய் உருவான சங்கிலிகளைப் பிரித்துக் கதிரியக்கத்தை எண்ணினர். பீட்டா தலசீமியாவில் பீட்டா குன்றி, ஆல்பா மிகுந்திருந்தது. துணையற்ற ஆல்பா திரிந்து படிந்து, மஜ்ஜையிலேயே அணுக்களை அழிக்கிறது.

1970இல் ஒரு புதிர் எழுந்தது. நோயின் கூற்றை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவரின் குருதியில் ஏற்றத்தாழ்வு தெரிந்தது. மஜ்ஜையிலோ இரு சங்கிலிகளும் சமமாகவே தோன்றின என ஸ்வார்ட்ஸ் அறிவித்தார். மிகையான ஆல்பாவை இளம் அணுக்களே உடனுக்குடன் அழித்துவிடுவது இதற்கொரு காரணமெனப் பின்னர் விளக்கப்பட்டது. சமமாகத் தோன்றியதெல்லாம் சமமன்று!

இக்கணக்கு நம் வகுப்பறைக்கும் உரியது. 2016இல் மலேசிய அரசு நான்காம் படிவ மாணவர்க்குத் தலசீமியாச் சோதனையைத் தொடங்கியது. பீட்டா தலசீமியாக் கூறுடைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுநோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவரிடம் 'இ' வகையும் மற்றவரிடம் தலசீமியாக் கூறும் இருப்பினும் பிள்ளைக்கு நோய் வரலாம்.

கூறு மட்டும் உடையவர் நோயாளியல்லர். இதைத் தெளிவாகச் சொல்லி, மாணவரின் நாணத்தையும் அச்சத்தையும் போக்குதல் ஆசிரியர் கடனன்றோ?