ஐந்து முறை சரி, ஆறாவது முறை தவறு



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு எண் தோரணியைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து, "ஐந்து முறை சரியாக வந்த தோரணி எப்போதும் சரியாகத்தான் வருமா, ஐயா?" என்று வினவினாள். பாடவேளை முடியும் நேரம். "ஆம், வரும்" என்று கூறிவிட்டேன். வீடு திரும்பிய பின்னரே, பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் எழுதிய 4,294,967,297 என்னும் எண் நினைவுக்கு வந்தது. நான் கூறிய விடை தவறு என்பதும் புரிந்தது.

அவ்வெண்ணின் வரலாறு பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. பியேர் டி ஃபெர்மா என்பார் தொழிலால் சட்ட வல்லுநர். ஓய்வு நேரங்களில் கணிதம் பயின்றவர். அவர் ஆராய்ந்த தோரணி இது: 3, 5, 17, 257, 65,537. ஓர் எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, வரும் விடையை அவ்விடையாலேயே பெருக்கி, 1ஐக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இவ்வைந்தும் பகா எண்கள். தோரணியில் இனி வருவன யாவும் பகா எண்களே என்று 1640இல் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார் ஃபெர்மா. தம்மிடம் முழுமையான நிறுவல் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

தோரணியின் ஆறாவது எண்தான் 4,294,967,297.

1729இல் கோல்டுபாக் என்னும் அறிஞர், இக்கூற்று உண்மையா என்று இளைஞரான லெயோனார்டு ஆய்லரைக் கடிதத்தில் வினவினார். இரசியாவின் செயின்ட் பீட்டர்சுபர்க்கில் பணியாற்றிய ஆய்லர், 1732இல் விடையளித்தார்:

641 × 6,700,417 = 4,294,967,297

92 ஆண்டுகள் நிலைத்திருந்த கருத்து ஒரே பெருக்கலில் வீழ்ந்தது. அப்போது ஆய்லருக்கு வயது 25.

இவ்வெண்ணை நேரடியாகச் சோதிக்க விரும்புவோர் 65,536க்குக் கீழுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். ஆய்லர் பின்னர் எளிய வழியொன்றை நிறுவினார். இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிட்டிவிடுகிறது!

ஃபெர்மாவின் தோரணியில் 65,537க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. சரியாக அமைந்தவை என அறியப்பட்டவை அந்த முதல் ஐந்து மட்டுமே.

மறுநாள் காலை வகுப்பில், "நேற்று நான் கூறிய விடை தவறு" என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினேன். இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு அச்சொற்கள் எளிதில் வரவில்லை. பின்னர் 6,700,417ஐ 641ஆல் பெருக்கும்படி மாணவர்களைப் பணித்தேன். வினா எழுப்பிய மாணவியே முதலில் விடை கண்டாள். "அப்படியென்றால் எத்தனை முறை சரியாக வந்தால் நம்பலாம், ஐயா?" என்றாள்.

எத்தனை முறை வந்தாலும் போதாது, காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்றேன். இம்முறை அவசரமின்றிச் சொன்னேன்.

உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பெருக்கலைக் கொடுத்துப் பாருங்கள். மீண்டும் சந்திப்போம்.