கை நடுக்கம் முதல் படபடப்பு வரை: மூச்சுக்குழாய் விரிப்பு மருந்துகளின் பக்கவிளைவுகள் என்னென்ன?

மைசூரு: மூச்சுத்திணறலுக்காக இன்ஹேலரை உறிஞ்சிய சில நிமிடங்களில் சிலருக்கு விரல்கள் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அஞ்சி அதை அத்துடன் கைவிடுவோரும் உண்டு. ஆனால், இவ்விரண்டும் பெரும்பாலும் மருந்து செயல்படும் முறையிலிருந்தே எழுபவை. சிறிது நேரத்தில் தாமாகவே அடங்குபவை. உண்மையில் கவலைகொள்ள வேண்டிய அறிகுறிகள் வேறு. அவற்றை அடையாளம் காண்பது எப்படி, யாருக்குக் கூடுதல் கவனம் தேவை என்பது குறித்த விளக்கம் இதோ.

நஞ்சன்கூடு பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி) ஆகியவற்றுக்கே இம்மருந்துகள் பெரிதும் அளிக்கப்படுகின்றன. புகைபிடிப்போரை மட்டுமே தாக்கும் நோய் என சிஓபிடி பலராலும் கருதப்படுகிறது. கபினி ஆற்றங்கரை நகரான நஞ்சன்கூடு அமைந்துள்ள மைசூரு மாவட்டத்தில் நடந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றுகின்றன.

இம்மாவட்டத்தின் ஊரகப் பெண்களிடம் ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வு, 2013-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. விறகு, சாணவரட்டி போன்ற எரிபொருள்களைக் கொண்டு நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் சமைக்கிறார்கள் என்பதை, எத்தனை ஆண்டுகள் அவ்வாறு சமைத்தார்கள் என்பதால் பெருக்கி ஒரு குறியீடு கணக்கிடப்பட்டது. அக்குறியீடு 60-ஐ எட்டும்போது நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சிக்கான ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதாக ஆய்வு தெரிவித்தது. அதாவது, நாள்தோறும் 4 மணி நேரம் வீதம் 15 ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த பெண் அந்த எல்லையை எட்டிவிடுகிறார். பீடியைத் தொட்டே அறியாத ஒருவருக்கும் இம்மருந்துகள் தேவைப்படலாம் என்பதையே இது உணர்த்துகிறது.

நடுக்கமும் படபடப்பும் ஏன்?

இறுகிய மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தி, காற்று செல்லும் பாதையை விரிப்பதே இம்மருந்துகளின் பணி. அவற்றில் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவது சால்பியூட்டமால். மூச்சுக்குழாய்த் தசைகளில் உள்ள 'பீட்டா-2' ஏற்பிகளை இது தூண்டுகிறது. அதே ஏற்பிகள் கை, கால் தசைகளிலும் ஓரளவு இதயத்திலும் இருக்கின்றன. இரத்தத்தில் கலக்கும் மருந்து அவற்றையும் தூண்டுவதால் விரல் நடுக்கம், படபடப்பு, தலைவலி, தசைப்பிடிப்பு, பதற்றம் ஆகியவை தோன்றுகின்றன. குழந்தைகளிடம் இது அமைதியின்மையாகவோ தூக்கமின்மையாகவோ வெளிப்படலாம்.

அதிக அளவில், குறிப்பாக நெபுலைசர் மூலம் அடுத்தடுத்து அளிக்கும்போது, இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம்; சர்க்கரை அளவு உயரலாம். அரிதாகச் சிலருக்கு, மருந்தை உறிஞ்சியதும் மூச்சுக்குழாய் விரிவதற்கு மாறாக மேலும் சுருங்குவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் அம்மருந்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும்.

மாத்திரைக்கும் இன்ஹேலருக்கும் 40 மடங்கு வேறுபாடு

பக்கவிளைவின் கடுமையைத் தீர்மானிப்பதில் மருந்தின் பெயரைப் போலவே அதன் வடிவமும் முக்கியமானது. இன்ஹேலரின் ஒரு அழுத்தத்தில் வெளிப்படும் சால்பியூட்டமாலின் அளவு 100 மைக்ரோகிராம். மாத்திரைகளோ 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவுகளில் கிடைக்கின்றன. 4 மில்லிகிராம் என்பது 4,000 மைக்ரோகிராம். அதாவது, ஒரு அழுத்தத்தைப் போல 40 மடங்கு.

இன்ஹேலர் மருந்து நேரடியாக மூச்சுக்குழாயைச் சென்றடைந்து சுமார் 5 நிமிடங்களில் பலன் தருகிறது. மாத்திரையும் சிரப்பும் குடல், கல்லீரல் வழியாக உடல் முழுவதும் பரவிய பிறகே நுரையீரலை அடைகின்றன. பலன் தாமதமாகிறது, நடுக்கமும் படபடப்பும் கூடுகின்றன. ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டு அமைப்பான 'ஜினா', வாய்வழி உட்கொள்ளும் இம்மருந்துகளைக் காட்டிலும் உறிஞ்சும் மருந்துகளுக்கே முன்னுரிமை அளிப்பதன் காரணம் இதுவே.

ஆயினும், 'இன்ஹேலர் பழக்கமாகிவிடும்' என்ற தவறான அச்சத்தால் மாத்திரையை நாடுவோர் நம் நாட்டில் பலர். பரவலாக விற்கப்படும் இருமல் சிரப்புகள் சிலவற்றிலும் சால்பியூட்டமால் அல்லது டெர்பியூட்டலின் கலந்திருக்கிறது. அதை அறியாமல் மாத்திரையும் சிரப்பும் சேர்த்து உட்கொண்டால் மருந்தின் அளவு இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

உற்பத்திச் செலவு உயர்வைக் காரணம் காட்டி, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2024 அக்டோபரில் 8 மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்தியது. சால்பியூட்டமாலின் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் மாத்திரைகளும் நெபுலைசர் கரைசலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன.

மற்ற வகை மருந்துகள்

* இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம்: வாய் உலர்தல், மலச்சிக்கல் ஏற்படலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு நேரலாம். நெபுலைசர் புகை கண்ணில் பட்டால் கண் அழுத்த நோய் தீவிரமடையக்கூடும்.

* தியோஃபிலின்: பலன் தரும் அளவுக்கும் நச்சாக மாறும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குமட்டல், வாந்தி, தூக்கமின்மை ஆகியவை தொடக்க எச்சரிக்கைகள். அளவு மிகுந்தால் இதயத் துடிப்புக் கோளாறும் வலிப்பும் ஏற்படலாம். சிப்ரோஃபிளாக்சசின், எரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள் இரத்தத்தில் இதன் அளவை உயர்த்தும். புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர்களுக்கும் இதன் அளவு உயரும் என்பதால், மருத்துவரிடம் அதைத் தெரிவிப்பது கட்டாயம்.

* சால்மீட்டரால், ஃபார்மோட்டரால்: நீண்ட நேரம் செயல்படுபவை. ஆஸ்துமா நோயாளிகள் இவற்றை ஸ்டீராய்டு இன்ஹேலர் இல்லாமல் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்காவில் 26,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சால்மீட்டரால் ஆய்வில், அம்மருந்து பெற்றவர்களில் 13 பேரும் பெறாதவர்களில் 3 பேரும் ஆஸ்துமாவால் உயிரிழந்தது 2006-இல் வெளியான முடிவுகளில் தெரியவந்தது. ஸ்டீராய்டுடன் இணைந்த இன்ஹேலர்கள் பாதுகாப்பானவை எனப் பின்னர் உறுதியானதால், அவற்றின் மீதான கடும் எச்சரிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் நீக்கியது.

பெரிய ஆபத்து எது?

உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டுமே நம்பியிருப்பதுதான். அது மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர, ஆஸ்துமாவுக்கு அடிப்படையான அழற்சியைத் தணிக்காது. நிவாரணம் உடனே கிடைப்பதால், உள்ளே நோய் முற்றுவது நோயாளிக்குத் தெரிவதில்லை. எனவே, ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனித்து அளிக்கும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதை 'ஜினா' 2019-இல் நிறுத்திக்கொண்டது. 200 அழுத்தங்கள் கொண்ட நிவாரண இன்ஹேலர் ஓராண்டில் 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் நோய் தீவிரமடையும் வாய்ப்பும், 12 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் உயிரிழப்புக்கான ஆபத்தும் கூடுவதாக அந்த அமைப்பு எச்சரிக்கிறது.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச்சுரப்பு, நீரிழிவு, வலிப்பு நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். நீர் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோருக்குப் பொட்டாசியம் மேலும் குறையலாம். புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும், கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தும் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியவை. கண் சொட்டு மருந்துதானே என்று அதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

பக்கவிளைவுகளைக் குறைக்க வழி

இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியேற்றிய பின், அழுத்தியவாறே மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுத்து, சுமார் 10 விநாடிகள் மூச்சை அடக்க வேண்டும். ஸ்பேசர் கருவியைப் பயன்படுத்தினால் தொண்டையில் படிந்து வீணாகும் மருந்து குறைந்து, நுரையீரலுக்குச் செல்வது அதிகரிக்கும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலராக இருந்தால், வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையெனில் வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்படலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது எப்போது?

* நெஞ்சுவலி, மயக்கம், சீரற்ற இதயத் துடிப்பு
* முகம், உதடு வீக்கம் அல்லது உடலில் தடிப்பு
* மருந்து எடுத்தும் மூச்சுத்திணறல் குறையாமை, அல்லது 4 மணி நேரத்துக்குள் மீண்டும் மருந்து தேவைப்படுதல்
* ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலம் பாய்தல்

இத்தகைய நிலையில் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். அந்த உதவி வரும்வரை, வழக்கமான நிவாரண இன்ஹேலரை நிறுத்தாமல் ஸ்பேசர் மூலம் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தை உறிஞ்சியதே மூச்சுத்திணறலைக் கூட்டியிருந்தால் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

எந்த மருந்தின் பக்கவிளைவையும் நோயாளிகளே நேரடியாகப் பதிவுசெய்ய, மத்திய அரசின் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை இயக்கி வருகிறது.

(இத்தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் ஆலோசனையின்றி மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது.)