கைப்பிடியை அழுத்துவது யார்?

கோள்விட்டுக் கோள் போகும் வண்டிகளை வைத்து எழுதப்படும் விஞ்ஞானக் கதைகளில் வில்லன் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே ஒளிந்திருப்பான். எங்கோ ஒரு விசையில் கோளாறு, யாரும் கவனிக்காத ஒரு கதவு, கட்டுப்பாட்டு அறையில் ஒரு தப்பான ஆள். இப்படியொரு கதை எழுத விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஓடும் மின்சார ரயிலின், அதைச் சுற்றியுள்ள பாதைகளின் கடந்த காலத்தில் எல்லாமே இருக்கிறது.

அந்த ரயிலை நம்பியிருந்த ஊர்களில் ஒன்று மேடவாக்கம்; தண்டவாளம் இல்லாமலே வளர்ந்த ஊர். கூட்டு ரோட்டில் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு வழியாகத் தாம்பரம் போனால்தான் ரயில். எதிர்த்திசையில் போனால் பள்ளிக்கரணை தாண்டி வேளச்சேரி; அங்கே பறக்கும் ரயில் வந்ததே 2007-ல்தான். அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தாம்பரத்தை விட்டால் வேறு கதியில்லை.

அந்தத் தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-ல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட பாதை. இந்தியாவில் மின்சாரம் கண்ட முதல் மீட்டர் கேஜ் பாதை இதுதான். ஏப்ரல் 2 அன்று ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே மாதம் பொதுமக்கள் ஏறினார்கள். கரி இல்லை, புகை இல்லை, ஃபயர்மேன் இல்லை. நீராவி இன்ஜினில் எப்போதும் குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் வண்டியை நிறுத்திவிடலாம். மின்சார ரயிலின் முன்பெட்டியிலோ மோட்டார்மேன் தனி ஆள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று இது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை மோட்டார்மேன் ஓடும் நேரமெல்லாம் கீழே அழுத்தியபடியே பிடித்திருக்க வேண்டும். கை தளர்ந்தால் கைப்பிடி மேலே எழும்பும். மின்சாரம் அறுந்து, பிரேக் தானாகப் பிடிக்கும். ‘டெட் மேன்ஸ் ஹேண்டில்’ என்பார்கள். வண்டியை ஓட்டுகிறவர் செத்துப்போவார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்த கருவி அது. ஆனால் அழுத்துகிற கை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

பழைய ஒற்றைப் பாதைகளில் இன்னொரு தந்திரம் இருந்தது. ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் புறப்பட்டுவிடக் கூடாது. அதற்காக அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் மின்கம்பியால் பிணைத்த டோக்கன் பெட்டிகளை வைத்தார்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பந்து விழும். விழுந்த பந்து அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள் போய்ச் சேரும்வரை இரண்டு பெட்டிகளும் இன்னொன்றைத் தராது. பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற வண்டியின் டிரைவரிடம் நீட்டுவார்கள். பந்து கையில் இருந்தால் பாதை அவருக்குச் சொந்தம். இவ்வளவு அழகான ஏற்பாடு ரயில்வேயில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் பாதை முன்னால் இருக்கிறதா என்று அந்தப் பந்து சொல்லாது. 1956 நவம்பரில் எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், தாம்பரம் கடந்து தெற்கே போயிற்று. 23-ஆம் தேதி விடியற்காலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துப் போயிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ராஜினாமா இன்றும் மேடைகளில் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன், இதே பாதை போகும் செங்கல்பட்டின் எம்.பி. அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்து எதிர்க்கட்சிகள் கட்டிய கோஷம் தெருத்தெருவாக ஒலித்தது.

கைப்பிடிக்குச் சோதனை வந்தது 2009-ல். ஏப்ரல் 29 விடியற்காலை, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் பயணிகளோடு நின்றிருந்த மின்சார ரயிலை, அதை ஓட்ட வேண்டியவர் அல்லாத ஒருவர் கிளப்பிக்கொண்டு போனார். வியாசர்பாடி ஜீவா அருகே நின்ற எண்ணெய் டேங்கர் சரக்கு ரயிலில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். கைப்பிடி கடைசிவரை சரியாகத்தான் வேலை செய்திருக்கும். யாரோ ஒருவர் அதை அழுத்திக்கொண்டிருந்தாரே!

தாம்பரம் பாதையின் சொந்த ஆபத்து இதைவிடச் சாதாரணமானது. மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-ல் ஓய்வுபெற்று, அகலப் பாதை வண்டிகள் வந்தன. பெட்டி அகலமானது, கூட்டம் அதற்கும் மேலே பெருத்தது. ஓடும்போது மூடாத கதவுகள் மட்டும் மாறவில்லை. வாசலில் நடுக்கம்பியைப் பிடித்து, தோளில் பையோடு, பாதி உடம்பு வெளியே தொங்கும் பயணம் இங்கே அன்றாட வழக்கம். தொங்குகிறவர்களைத் திட்டுவது சுலபம். ஒன்பது மணி ஆபீஸுக்கு அடுத்த வண்டியும் இதே கதியில்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2018 ஜூலை 24 காலையில் உயர்மின்கம்பி அறுந்து, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் மெதுவழித் தண்டவாளம் முடங்கியது. திருமால்பூர் போகிற வண்டியை விரைவு வழித் தண்டவாளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இயக்கத்தைப் பொறுத்தவரை இது முறையான முடிவு. சிக்னலும் சரி, தடம் மாற்றும் பாயின்ட்டும் சரி. ஆனால் பரங்கிமலையில் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர் நின்றது.  தொங்கியபடி வந்தவர்கள் ஒவ்வொருவராக அதில் அடிபட்டு விழுந்தார்கள். குறைந்தது நான்கு உயிர்கள் போயின. வழக்கமான பாதையில் போயிருந்தால் அந்த இளைஞர்கள் அன்றைக்கும் நேரத்துக்கு வேலைக்குப் போயிருப்பார்கள்.

தாம்பரம் பாதைக்கு வெளியே, 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் நடந்தது இன்னும் விசித்திரம். சிக்னல் நேர்ப்பாதைக்குப் போட்டிருந்தது. பாக்மதி எக்ஸ்பிரஸ் போனதோ பக்கப் பாதைக்கு, அங்கே நின்ற சரக்கு ரயிலின் மேல். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

இப்போது மேடவாக்கம் வழியாகவே மெட்ரோவின் ஐந்தாவது வழித்தடம், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை, தூண் தூணாக எழுகிறது. அதற்குத் திட்டமிட்டிருப்பது ஓட்டுநர் இல்லாத ரயில்கள், நடைமேடை விளிம்பில் தடுப்புக் கதவுகள். 1931-ன் கைப்பிடிக்கு அங்கே வேலையே இல்லை. மேற்பார்வை முழுக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். தாம்பரம் பாதையிலும் 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு ஏ.சி. மின்சார ரயில் ஓடுகிறது. கதவு மூடினால்தான் வண்டி நகரும். தொங்க இடமே கிடையாது. தொடங்கியபோது அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். கதவு மூடாத சாதாரண வண்டியில் 5 ரூபாய்.