படைக்கு வழி இல்லை
எல்லைக் கற்கள் – 12

புதுச்சேரியிலிருந்து கரையாம்புத்தூருக்குப் பேருந்தில் போகிறவர், வழியில் எத்தனை முறை மாநிலம் மாறினோம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. சாலையோரப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் இது தமிழ்நாடா புதுச்சேரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கரையாம்புத்தூர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. ஆனால் பாகூரோடு ஒட்டிக் கிடக்கவில்லை. நடுவே தமிழ்நாட்டு நிலம் புகுந்து பிரிக்கிறது. பக்கத்து நெட்டப்பாக்கமும் இப்படித்தான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டும் பேரம் பேசியும் கிழித்த எல்லை இது. ஒரே ஏரித் தண்ணீர் பாயும் கழனிகளில் ஒன்று அந்த அரசுக்கு, அடுத்தது இந்த அரசுக்கு.

புதுச்சேரி இன்னும் பிரான்ஸின் கையில் இருந்த 1954 ஏப்ரலில் இந்த எல்லை ஒரு கேள்வியை எழுப்பியது. அடுத்தவர் மண்ணை மிதிக்காமல் ஆயுதம் ஏந்திய போலீஸ் இந்த ஊர்களுக்கு எப்படி வந்து சேரும்? அதே மாதம், அதே கேள்வி இந்தியாவின் வானத்திலும் எழுந்தது. தரையில் தடுக்கப்பட்டது பிரெஞ்சுப் போலீஸ். வானத்தில் தடுக்கப்பட்டது அமெரிக்க விமானத்தில் ஏறிவந்த பிரெஞ்சுப் படை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆண்டின் கதை முழுமையாகும்.

முதலில் தரை. 1814 மே 30 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, இந்தியாவில் பிரான்ஸுக்குத் திருப்பித் தரப்படும் ஊர்களில் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. நெப்போலியனை வீழ்த்திய இங்கிலாந்து விதித்த நிபந்தனை அது. அதன் பிறகு பிரெஞ்சிந்தியாவின் பலம் சில நூறு சிப்பாய்களுக்குள் அடங்கிவிட்டது. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களில் பிரெஞ்சு அரசு என்றால் மேரி எனப்படும் ஒரு நகராட்சி அலுவலகமும் ஒரு காவல் நிலையமும்தான்.

ஆனால் இந்த மண்ணின் பிள்ளைகள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து உலகெங்கும் போனார்கள். 1881 செப்டம்பர் ஆணையின்படி சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் பலர் சைகோனில் குமாஸ்தாவாகவும், போலீஸாகவும், படைவீரராகவும் இருந்தார்கள். இன்றும் புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வரும் வீடு அது. லால் பகதூர் சாஸ்திரி வீதியில் உள்ள 'ஃபுவாயே துய் சொல்தா' இந்த முன்னாள் வீரர்களின் சங்க இல்லம்.

1946 முதல் எட்டு ஆண்டுகள் நடந்த இந்தோசீனப் போருக்குக் கட்டாய ராணுவ சேவையில் அழைக்கப்பட்ட பிரெஞ்சு இளைஞர்களை அனுப்புவதில்லை என்பது பிரான்ஸின் விதி. அனுப்பினால் வாக்காளர் பொறுக்க மாட்டார்கள் என்று பாரிஸ் அரசியல்வாதிகளுக்குத் தெரியும். ஆகவே சம்பளப் படையினரும், அந்நியர் படையணியும், மொரோக்கோ, அல்ஜீரியா, செனகல் முதலிய காலனி நாடுகளின் வீரர்களும், வியட்நாமியர்களுமே அங்கே மடிந்தார்கள். பிரெஞ்சிந்தியத் தமிழர்களும் அந்தப் படையில் இருந்தார்கள்.

ஆள் காலனிகளிலிருந்து. பணம்?

பணத்துக்கான வாக்கெடுப்பு வாஷிங்டனில் நடந்தது. 1950 முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் வெளிநாட்டு ராணுவ உதவிச் சட்டத்தை நிறைவேற்றி பிரான்ஸின் போருக்குப் பணமும் விமானமும் வெடிமருந்தும் கொடுத்தது. 1953 செப்டம்பரில் மட்டும் கூடுதலாக 38.5 கோடி டாலர். 1954-ல் போர்ச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்க வரிப்பணம்.

அந்த அவையில் கேள்வியே எழவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1953-ல் செனட்டர் ஜான் கென்னடி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே கென்னடிதான். உதவிப் பணம், வியட்நாம், லாவோஸ், கம்போடிய மக்களின் விடுதலைக்கு ஊக்கம் தரும் வகையில் செலவிடப்பட வேண்டும் என்றது அந்தத் திருத்தம். ஆதரித்தவர்கள் 17 பேர், எதிர்த்தவர்கள் 64 பேர். பணம் நிபந்தனையின்றிப் போனது.

1954 மார்ச் 13 அன்று வியட்நாமின் தியென் பியன் பூவில் முற்றுகை தொடங்கியது. மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை சிக்கிக்கொண்டது. ஏப்ரல் 3 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், காங்கிரஸ் தலைவர்கள் எட்டுப் பேரை அழைத்து, நேரடி ராணுவத் தலையீட்டுக்கு ஆதரவு கேட்டார். லிண்டன் ஜான்சனும் அந்த எட்டுப் பேரில் ஒருவர். நட்பு நாடுகள் கூட வராமல் நாங்கள் இறங்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வாக்கெடுப்புக்குப் போகும் முன்பே ஒரு பெரும் போர் அந்த அறையில் நின்றது. பிரதிநிதிகளைக் கேட்க வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் அது நின்றது.

படை இறக்கவில்லை. ஆனால் விமானம் கொடுக்க அமெரிக்கா முடிவு செய்தது. பிரான்ஸிலிருந்து பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு குளோப்மாஸ்டர் என்னும் ராட்சத விமானங்கள் இந்தோசீனாவுக்குப் புறப்பட்டன. குறுக்கு வழி இந்தியாவின் மேல்தான். ஏப்ரல் 22 அன்று நேரு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். அந்நியப் படைகள் இந்தியாவின் வழியாகப் போவதையோ இந்தியாவின் மேல் பறப்பதையோ அனுமதிப்பதில்லை என்பது சில ஆண்டுகளாகவே நம் கொள்கை, அதில் மாற்றமில்லை என்றார். குளோப்மாஸ்டர்கள் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு இலங்கையில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போயின. அனுமதி கொடுத்தவர் இலங்கைப் பிரதமர் சர் ஜான் கொத்தலாவல.

இலங்கைக்கு அப்போது அமெரிக்காவிடமிருந்து பொருளாதார உதவி எதுவும் இல்லை. 1952-ல் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்ததுதான் காரணம். கம்யூனிஸ்ட் நாடுகளுக்குப் போர்ப் பயன்பாட்டுப் பொருள் விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்பது 1951-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய பேட்டில் சட்டம். ரப்பர் விற்றதற்குத் தண்டனை பெற்ற நாடு, தண்டித்தவரின் விமானத்துக்கே ஓடுபாதையைத் திறந்துவிட்டது. சிறு நாடுகள் எவ்வளவு நெருக்கடியில் இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏப்ரல் 24 அன்று நேரு இந்தோசீனாவுக்காக ஆறு அம்சத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்தார். அதன் நெஞ்சாக இருந்தது தலையிடாமை. போரிடும் எந்தத் தரப்புக்கும் படையாகவோ போர்ப் பொருளாகவோ யாரும் உதவுவதில்லை என்று அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, பிரிட்டன், சீனா ஆகிய நான்கும் உறுதி தர வேண்டும் என்றார். அதற்கு ஏழெட்டு வாரம் முன்புதான், பாகிஸ்தானுக்கு ராணுவ உதவி தரப் போவதாகவும் இந்தியா கேட்டால் அதற்கும் தருவதாகவும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கடிதம் எழுதியிருந்தார். நேரு வேண்டாம் என்று மறுத்திருந்தார். இந்தியா அன்று ஆயுதமே தொடாத நாடு என்று நினைத்துவிடக் கூடாது. 1953-லேயே பிரான்ஸிடமிருந்து தூஃபானி ஜெட் விமானங்களை விலைக்கு வாங்கியது. தன் பாதுகாப்புக்குக் காசு கொடுத்து வாங்குவது ஒன்று. அடுத்தவன் போருக்குப் பாதை போட்டுக் கொடுப்பது வேறு. நேரு கோடு போட்டது அந்த இடத்தில்.

இனி மீண்டும் நம் கிராமங்களுக்கு வருவோம். மார்ச் மாதமே மேயர்கள் இந்தியாவோடு இணைப்புத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். மார்ச் 31 அன்று எதுவார் கூபேர் தம் ஆட்களோடு நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். கூபேர் யார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1951-ல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய உறுப்பினர் அவர். இந்தோசீனப் போருக்குப் பணம் ஒதுக்கிய அந்த அவையில் நம் மக்களுக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி. வ. சுப்பையா தலைமையில் கம்யூனிஸ்டுகளும் கிராமங்களில் களம் இறங்கினார்கள். நெட்டப்பாக்கத்தை மீட்க வேண்டுமென்றால் பிரெஞ்சுப் போலீஸ் இந்திய மண்ணைக் கடந்தாக வேண்டும். ஆயுதத்தோடு கடக்க இந்திய அரசு விடவில்லை. ஒரு பெரும் படையை நிறுத்தாமலே, வழி தர மறுத்ததால் மட்டும், இந்தத் துண்டு நிலங்கள் பிரான்ஸின் கையிலிருந்து நழுவின.

மே 7 அன்று தியென் பியன் பூ விழுந்தது. ஜூனில் பியர் மென்டெஸ் பிரான்ஸ் 419க்கு 47 என்ற வாக்கில் பிரான்ஸின் பிரதமரானார். ஜூலை 20க்குள் போரை நிறுத்துவேன், இல்லையேல் பதவி விலகுவேன் என்று அவைக்கு வாக்குக் கொடுத்து, ஜெனீவாவில் அதை நிறைவேற்றினார். புதுச்சேரியை விட்டுக்கொடுக்கும் உடன்பாட்டுக்கு வழிவிட்டதும் அவருடைய அரசுதான். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆயிற்று. அந்த நாளில் இன்றும் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏறுகிறது.

வழி மறுக்கும் உரிமைக்கு உலக நீதிமன்றமும் ஒரு விடை சொன்னது. தாத்ரா, நகர் ஹவேலி என்னும் போர்ச்சுகீசியத் துண்டு நிலங்களுக்குப் பாதை கேட்டு போர்ச்சுகல் வழக்குப் போட்டது. 1960 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பு வந்தது. தனியாருக்கும், சிவில் அதிகாரிகளுக்கும், பொதுச் சரக்குகளுக்கும் பாதை உண்டு. படைக்கும், ஆயுதப் போலீசுக்கும், ஆயுத வெடிமருந்துக்கும் அந்த உரிமை இல்லை. கரையாம்புத்தூர் போன்ற ஊரில் வாழ்கிறவருக்கு இந்தத் தீர்ப்பின் நியாயம் சொல்லாமலே விளங்கும். அரிசி மூட்டை வரும் வழியில் துப்பாக்கியும் வர வேண்டிய அவசியமில்லை.

இந்தக் கதையை இன்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்தியா இப்போது ஆயுதம் விற்கும் நாடு. 2024-25-ல் நம் ராணுவத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். பிரமோஸ் ஏவுகணையை பிலிப்பைன்ஸ் வாங்குகிறது. எந்த நாட்டுக்கு எதை அனுப்பலாம் என்பதை 1992ஆம் ஆண்டு அந்நிய வர்த்தகச் சட்டத்தின் கீழ் உள்ள ஸ்கோமெட் என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலை வைத்து அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். இந்த அனுமதிகள் மீது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்தக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்றது. நீதிமன்றம் கேட்காது, நாடாளுமன்றத்துக்கு வராது என்றால் குடிமகன் எங்கே போய்க் கேட்பது?

அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பெரிய விற்பனைகளைக் காங்கிரசுக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அவை மறுத்துத் தீர்மானம் போடலாம். 2019-ல் சவுதி அரேபியாவுக்கான விற்பனையை எதிர்த்த தீர்மானங்களை டிரம்ப் தம் அதிகாரத்தால் ரத்து செய்தார் என்பது உண்மை. 2007 டிசம்பரில் இலங்கைக்கு ராணுவ உதவியையும் ஏற்றுமதி உரிமங்களையும் கட்டுப்படுத்தி அதே காங்கிரஸ் சட்டம் இயற்றியும், வேறு நாடுகளின் ஆயுதம் அங்கே போய்ச் சேர்ந்ததும் உண்மை. போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் நடந்த பேரழிவை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயரோடு பதிவாகிறது. கென்னடியோடு நின்ற 16 பேரின் வாக்கு வரலாற்றில் நிற்கிறது. அந்தப் பதிவுகூட இல்லாத நாட்டில் தவறுக்குப் பொறுப்பேற்க ஆளே இருக்காது.

1954-ல் நாம் படைக்கு வழி தர மறுத்தபோது, பிரதமர் அதை நாடாளுமன்றத்தில் நின்று சொன்னார். இன்று நம் தொழிற்சாலையிலிருந்து போகும் ஆயுதத்துக்கும் அதே மரியாதை வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்த வகை, எவ்வளவு மதிப்பு என்னும் விவரம் ஆண்டுதோறும் அவையின் மேசைக்கு வரட்டும். போர் நடக்கும் நாட்டுக்கு அனுப்புவதென்றால் விவாதமும் வாக்கெடுப்பும் நடக்கட்டும். கீழூரில் 178 பேர் தங்கள் மண்ணின் தலைவிதியை வாக்களித்து முடிவு செய்ய முடிந்தது என்றால், 543 பேர் கொண்ட மக்களவையால் இதைச் செய்ய முடியாதா?

(அடுத்த வாரம்: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுத்த தோரியம் 1953-ல் சீனாவுக்குக் கப்பலேறியதும், பேட்டில் சட்டத்தை நீட்டி அமெரிக்கா உதவியை நிறுத்துவதாக மிரட்டியதும்.)